நூற்றுப்பத்து டிகிரி

வேட்டைக் காலம் முடிந்ததும்
கறி உலர்த்தும் மின்பெட்டியை
வெர்லின் அலமாரிக்கு மேல் ஏற்றிவிடுவான்.
மார்ச் பிறந்தால் அது என்னுடையது.
தட்டுகளை உருவிவிட்டு,
எல்க் மான் கறியின் மிளகு நெடி போக
வினிகர் தொட்டுத் துடைத்து,
ஒருநாள் முழுக்கக் கதவைத் திறந்தே வைப்பேன்.
முழுசாகப் போகாது.
போன வாரத் தயிரில் புகை வாசம் என்று குறை சொல்லிக்கொண்டே
கிண்ணத்தை மறுபடி நீட்டினான்.

ஒரு காலன் பால்.
ஆடை படியவிடாமல் துழாவிக் காய்ச்சி
பின்வாசல் படியில், பனியின்மேல் வைத்தேன்.
ஐடஹோவில் பாலை யாரும் ஆற்றித் தரவேண்டியதில்லை.
சுண்டுவிரல் பத்து எண்ணும்வரை பொறுத்தால் சரி.
வெர்லின் வாங்கித் தந்த வெப்பமானி
இழுப்பறையில் உறையோடு தூங்குகிறது.
பழைய தயிர் இரண்டு கரண்டி.
எட்டு ஜாடி, மூடியில்லாமல்.
நூற்றுப்பத்தில் குமிழைத் திருப்பிக் கதவைச் சாத்தினேன்.
விசிறி தன் ஒற்றைச் சொல்லைத் தொடங்கியது.

இனி தொடக்கூடாது.
ஜாடியைச் சாய்த்துப் பார்க்கத் துடிக்கும் கைக்கு
வேலை கொடுக்கவென்று
காலுறைகளை ஜோடி சேர்த்தேன்.
ஒன்று மிஞ்சியது.

இரவு ஒன்றரைக்கு
எலெயுத்தேரியோ கதவை உதைத்தார்.
இரண்டு கையும் மேலங்கிக்குள்.
இரட்டையில் இரண்டாவது.
தாய் நக்காமல் நகர்ந்துவிட்டது.
அதன் வாய்க்குள் விரல் விட்டேன்.
நாக்கு சில்லென்றிருந்தது. சப்பவில்லை.

கொட்டகையின் நான்கு விளக்கின் கீழும் ஏற்கெனவே குட்டிகள்.
வெர்லின் அங்கே, முழங்கைவரை
இன்னோர் ஆட்டுக்குள் இருந்தான்.
எலெயுத்தேரியோவின் ஆங்கிலமும்
என் ஸ்பானிஷும் சேர்ந்தால்
ஒரு ஜாடி நிரம்பாது.
சமையலறையில் விசிறிச் சத்தம் மட்டும்.
இருவரும் ஒரே நேரத்தில் அதைத் திரும்பிப் பார்த்தோம்.

மூன்றரை மணி நேரம்தான் ஆகியிருந்தது.
ஓரம் பிடித்து நடுவில் தளும்பும் பருவம்.
பால் என்று காப்பியில் ஊற்றவும் முடியாது.
எட்டையும் எடுத்து மேசையில் வைத்தேன், திரும்பிப் பார்க்காமல்.
அவர் மேலங்கியைக் கழற்றி எங்கோ வீசினார்.
ஆப்பிள் வந்த அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை அறுத்து
பெட்டியின் வாயோடு வாய் பொருத்தி
குட்டியைக் கிடத்தினோம்.
குமிழை நூறுக்கு இறக்கினேன்.
பால் உறையக் கூட்டிய சூடு
உறைந்துகொண்டிருந்த உடம்பை இளக்கப் போனது.
விசிறிக்கு வித்தியாசம் தெரியவில்லை.

தேய்த்தோம், புரட்டினோம்.
தாயிடம் பீய்ச்சிவந்த சீம்பாலைச்
சொட்டுச் சொட்டாக விட்டோம்.
அதன் காதில் அவர் கெச்சுவாவில் ஏதோ சொன்னார்.
தொனியைப் பார்த்தால் வசவு.
வெப்பமானியை உறையிலிருந்து எடுத்தேன்.
அது போய்வந்த இடத்தை வெர்லினிடம் சொல்லமாட்டேன்,
இனி பாலுக்கும் ஆகாது.
தொண்ணூற்று மூன்று.
நெடுநேரம் தொண்ணூற்று நான்கு.
நாலரைக்குத் தொண்ணூற்றொன்பது இருக்கும்போது
வாலை ஒரு உதறு உதறி
என் சுண்டுவிரலைக் கவ்விக்கொண்டது,
பாலில் விட்டுப் பார்த்த அதே விரல்.

விடிந்ததும் வெர்லின் வந்தான்.
முதலில் அட்டைப்பெட்டியைப் பார்த்தான்,
பிறகு மேசையை:
“உன் தயிர் எங்கே?”

எலெயுத்தேரியோவின் மேலங்கி
மேசைமேல் மேடுபள்ளமாகக் கிடந்தது.
தூக்கினேன்.
ஓரத்து ஆறும் தண்ணீர்.
சுவரோரம் நின்றபடி
இரண்டை அப்படியே குடித்துவிட்டு
புளிக்கவேயில்லை என்றான்.
நடுவிலிருந்த இரண்டு மட்டும்
சாய்த்தபோது அசையவில்லை.
ஒன்றின் மேல் பழுப்புநிறக் கம்பளி இழை.
அதை எடுத்துப் போட்டுவிட்டு
அடுத்த முறைக்கான உறையை
அந்த ஜாடியிலிருந்து அள்ளிவைத்தேன்.

மின்பெட்டி இன்னும் தரையில்.
யாரும் அதைக் கேட்கப்போவதில்லை,
குட்டி எழுந்து நிற்கும்வரை.